தாழிக்குள் இருப்பவர்

விருதுநகர் மாவட்டத்துக் கரிசலில் கண்மாய் தூர்வாரினாலும் சரி, கிராவல் அள்ளினாலும் சரி, எங்காவது ஓரிடத்தில் ஜேசிபியின் பல்லில் வட்டமான சிவப்பு விளிம்பு தட்டுப்படும். வண்டி நிற்கும். கூடிவிட்ட கூட்டத்தில் ஒருவர் “புதையல்டா” என்பார். இன்னொருவர் “முன்னோர் பானைய்யா, தொடாதீக, ராத்திரி வந்து கேக்கும்” என்பார். இந்த இருவரில் யார் பேச்சு எடுபடுகிறதோ, அதைப் பொறுத்ததுதான் தாழியின் ஆயுள். புதையல்காரர் ஜெயித்தால் கடப்பாரை இறங்கும். உள்ளே மண்ணும் எலும்புத் துண்டும் நாலு கலயமும் இருக்கும். பேய்க்காரர் ஜெயித்தால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வேறு பக்கம் வெட்டப் போவார்கள். தொல்லியல் துறை என்று ஒன்று பிறப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே முதுமக்கள் தாழிக்குச் சம்பளம் வாங்காத காவல்காரர் இந்தப் பேய்தான்.

தாழி குயவர் கையில் பிறந்தது. கிட்டத்தட்ட மூன்றடி உயரம், கனத்த சுவர், கழுத்தைச் சுற்றி விரலால் அழுத்தி அழுத்திப் போட்ட கயிறு மாதிரியான வேலைப்பாடு. அடி குவிந்திருப்பதால் தானாக நிற்காது. மண்ணுக்குள் இறக்குவதற்கென்றே செய்த பாண்டம். தரையில் நிற்க வேண்டிய அவசியம் அதற்கு வரும் என்று செய்தவர் நினைத்திருக்க மாட்டார். அருங்காட்சியகத்தில் அதற்கு ஒரு தாங்கியோ மணல் மேடையோ தேவைப்படுகிறது. சோழன் கிள்ளிவளவன் இறந்தபோது அவனைக் கொள்ளும் அளவுக்குத் தாழி செய்ய உன்னால் முடியுமா என்று குயவனைக் கேட்டார் ஐயூர் முடவனார். அது புறநானூற்றின் 228ஆம் பாட்டு. 256ஆம் பாட்டில் கணவனை இழந்தவள் தனக்கும் சேர்த்து அகலமாக வனையச் சொல்கிறாள்.

பேயும் அப்போதே வந்துவிட்டது. 238ஆம் பாட்டில் வெளிமான் இறந்த துயரத்தைப் பாடும் பெருஞ்சித்திரனார் காட்டும் இடுகாட்டில், சிவந்த தாழிகளின் குவிந்த முதுகில் கழுகும் காக்கையும் கூகையும் உட்கார்ந்திருக்கின்றன. பேய்க்கூட்டம் இஷ்டத்துக்குத் திரிகிறது. ஆக, தாழியையும் பேயையும் சேர்த்துப் பார்ப்பது கிராமத்து அறியாமை என்று சொல்பவர்கள் சங்கப் புலவரையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஊரில் வழங்கும் கதை வேறு மாதிரி. அந்தக் காலத்தில் கிழவன் கிழவிகளுக்குச் சாவே வராதாம். வயது ஏற ஏறச் சுருங்கிப் பூனையளவு ஆகி, விளக்கு மாடத்தில் உட்கார்ந்திருப்பார்களாம். பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகள் தாழியில் இறக்கி, சோறும் தண்ணீரும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். பேய்க்கதை என்றா இதைச் சொல்வது? பெற்றவர்களைக் கவனிக்காத பிள்ளைகளின் குற்ற உணர்ச்சிக்கு ஒரு பானை கிடைத்திருக்கிறது என்றே எனக்குத் தோன்றும். நம் பேய்ச் சட்டப்படி பார்த்தாலும் இது சரிவராது. ஆண்டு அனுபவித்துப் போனவர் பேயாவதில்லை; ஆயுசு முடியாமல் போனவர்தான் அலைவார். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைப் போன்ற நாட்களை அடிக்கடி பார்த்த சிவகாசி வட்டாரத்தில், அகால மரணம் என்றால் பேச்சு தாழ்ந்துவிடும். தாழிக்காரர் அப்படியில்லை. அவர் உறவு சொல்லி அழைக்க முடியாத அளவுக்குப் பழைய சொந்தக்காரர்.

தாழி ஊரைவிட்டுக் கிளம்பிய கதை தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில் தொடங்குகிறது. 1876இல் பெர்லினிலிருந்து வந்த ஃபெடோர் யாகோர் அங்கே தோண்டி, கிடைத்ததை ஜெர்மனிக்குக் கொண்டுபோனார். 1899 முதல் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் விரிவாகத் தோண்டினார். தாழிகளைச் சுற்றி இரும்பு வாளும் ஈட்டியும் முனை கீழே இருக்கும்படி செருகியிருந்ததை அவர் கவனித்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் மண்ணில் குத்திவிட்டுப் போனது போல இருந்ததாம் அது. அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. அத்தோடு முடியவில்லை. மண்டையோடுகள் பானையிலிருந்து பிரிந்து அளவெடுப்பவர்களிடம் போயின. உடற்கூறு ஆய்வாளர் சக்கர்மேன் அவற்றைப் பற்றி எழுதியது 1930இல் வெளியானது. பானை ஒரு கூடத்தில், தலை வேறொரு அலமாரியில் என்றால் பேய் எங்கே குடியிருக்கும்?

மற்ற ஊர்களில் தற்செயலாகக் கிடைப்பவற்றுக்கு 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் உண்டு. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பத்து ரூபாய் சட்டப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. வி.ஏ.ஓ., தாசில்தார், கலெக்டர் என்று படியேறித்தான் ஒரு பொருள் மாவட்ட அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும்.

வந்து சேர்ந்ததும் பேய் காணாமல் போய்விடுகிறது. இதுதான் எனக்கு வியப்பு. லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் 1889 முதல் ஒரு எகிப்திய மரப்பலகை இருக்கிறது. மம்மியின் மேல் வைக்கும் மூடிதான். உடம்பு அதில் இல்லை. ஆனாலும் ‘ராசியில்லாத மம்மி’ என்று பெயர் வாங்கி, தொட்டவரெல்லாம் கெட்டார்கள் என்று கதை கட்டினார்கள். அந்தக் கதையைப் பரப்பியவர்களில் ஒருவரான பத்திரிகையாளர் ஸ்டெட் 1912இல் டைட்டானிக்கோடு மூழ்கினார். உடனே பலகையும் கப்பலில் இருந்தது, மூழ்கடித்ததே அதுதான் என்று கதை கால் முளைத்து நடந்தது. அந்தப் பலகை டைட்டானிக்கில் ஏறவே இல்லை. உடம்பே இல்லாத மூடிக்கு அங்கே அத்தனை பேய். மனித எலும்பையே சுமந்து வந்த நம் தாழிக்கு எழும்பூரில் ஒரு பேய்க்கதைகூட நிலைக்கவில்லை. நம் ஊர்ப் பேய்க்குக் கட்டடம் ஒத்துவராது. அதற்கு மண் வேண்டும், புளியமரம் வேண்டும், யாருடைய நிலம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

சிவகாசிக்குப் பக்கத்தில், வெம்பக்கோட்டை ஒன்றியத்து விஜயகரிசல்குளத்தில், வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 முதல் அரசு அகழாய்வு நடந்தது. சங்கு வளையல், கண்ணாடி மணி, பகடை, காளை செதுக்கிய சூதுபவளம் என்று வந்தவையெல்லாம் உயிரோடிருந்தவர்கள் புழங்கியவை. சங்கறுத்த கையையும் பகடை உருட்டிய கையையும் நினைத்து யாரும் ராத்திரி பயப்படுவதில்லை. தாழிக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது.

இப்போது ஆதிச்சநல்லூரில் தாழிகள் ஊரைவிட்டுப் போவதில்லை. 2023 முதல் அவை கிடந்த குழியிலேயே கிடக்க, மேலே கண்ணாடி போட்டு அதன்மீது நடந்து பார்க்க வைத்திருக்கிறார்கள். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று தயங்குபவரைப் பார்த்தால், பயம் மரியாதையாகத் திரும்பிக்கொண்டிருப்பதாகத் தோன்றுகிறது. இதற்கு அடுத்த கட்டம் கீழடி பக்கம், கொந்தகை இடுகாட்டில். அங்கே தாழிகளில் கிடைத்த இரண்டு ஆண்களின் மண்டையோடுகளை வைத்து லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை மீட்டு வரைந்தார்கள்; 2025இல் படங்கள் வெளியாயின. இருவரும் ஐம்பது வயதை ஒட்டியவர்களாம். பூனையளவுக்குச் சுருங்கும் வயதே இல்லை. மாடத்தில் உட்கார வைத்திருக்கவும் முடியாது.