குருத்தோலை பிடித்த சின்னக் கைகள்

(வானொலி அருளுரை – குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வாரம்)



பங்குனி வெயில் ஏறிவிட்டது. வேம்பு துளிர்த்துப் பூவெடுக்கிறது. பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வும், நமக்குத் தவக்காலத்தின் கடைசி நாட்களும் ஒன்றாக வந்து நிற்கின்றன. வரும் ஞாயிறு குருத்தோலை ஞாயிறு. அதற்கடுத்த ஞாயிறு உயிர்ப்புப் பெருவிழா. இந்த விழாக்களில் நம் வீட்டுப் பிள்ளைகளின் இடம் எது என்று திருச்சபையின் வரலாற்றைக் கொண்டு இன்று சிந்திப்போம்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. "பிள்ளைங்க சத்தம் போடுதுங்க சாமி, பூசையில மனசு நிக்க மாட்டேங்குது" என்று பெரியவர்கள் வருத்தப்படுவதைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு கோவிலுக்கு வெளியே நின்றே பூசை காணும் இளம் தாய்மாரையும் பார்க்கிறோம். பிள்ளைக்குப் புரியாது, வளர்ந்தபின் தெரிந்துகொள்ளும் என்று விட்டுவிடுகிறோம். வளர்ந்தபின் அந்தப் பிள்ளை கோவில் பக்கம் வரவில்லை என்றால் அப்போதும் வருத்தப்படுகிறோம்.

நம் பாஸ்கா விழாவின் வேர் இஸ்ரயேல் மக்களின் பாஸ்காவில் இருக்கிறது. அது வசந்தகால விழா. கதிர் பசுமையாக நிற்கும் ஆபிப் மாதத்தில் அதைக் கொண்டாட வேண்டும் என்று திருச்சட்டம் சொல்கிறது. விடுதலைப் பயண நூல் 12ஆம் அதிகாரத்தில் இன்னொன்றையும் பார்க்கிறோம். இந்தச் சடங்கு எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள், அப்போது பெற்றோர் எகிப்தில் நடந்ததை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று மோசே கற்பிக்கிறார். அதாவது பிள்ளையின் கேள்வி விழாவுக்கு இடைஞ்சலாக எண்ணப்படவில்லை. அதற்கு விழாவிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது.

இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பெரிய யூத அறிஞர் ரபி அக்கிவா, பாஸ்கா நாளில் பிள்ளைகளுக்கு வறுத்த தானியமும் கொட்டைப் பருப்புகளும் பங்கிட்டுக் கொடுப்பாராம். இரவு விருந்து நீளும்போது பிள்ளைகள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக! பொரியும் கடலையும் கொடுத்துப் பேரப்பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்லும் நம் அப்பத்தாக்களும் அமுச்சிகளும் இதைச் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

இப்போது எருசலேமுக்கு வருவோம். ஆண்டவர் கழுதைமேல் அமர்ந்து நகருக்குள் வந்தார். குருத்தோலை என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுபவர் யோவான். கோவிலுக்குள் பிள்ளைகள் "ஓசன்னா" என்று ஆர்ப்பரித்ததையும், தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் அதைக் கேட்டுக் கோபம் கொண்டதையும் சொல்பவர் மத்தேயு. அவருடைய நற்செய்தியின் 21ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பிள்ளைகளின் சத்தம் பிடிக்காதவர்கள் கோவிலின் பொறுப்பில் இருந்தவர்கள். ஆண்டவர் அந்தப் பிள்ளைகளை அடக்கவில்லை. குழந்தைகளின் வாயிலிருந்து வரும் புகழ்ச்சியைப் பற்றிய திருப்பாடலை நினைவூட்டி அவர்கள் பக்கம் நின்றார். பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் என்னைப் போன்றவர்கள் இதை அடிக்கடி வாசிக்க வேண்டும்.

முந்நூற்று ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே எருசலேமில் என்ன நடந்தது என்பதற்கு நேரில் கண்ட சாட்சி ஒருவர் இருக்கிறார். எஜேரியா என்ற பெண் மேற்கிலிருந்து திருப்பயணியாகப் புறப்பட்டு, கி.பி. 381 முதல் 384 வரை புனித நாட்டில் தங்கி, கண்டதையெல்லாம் தன் தோழியருக்கு எழுதினார். அந்த எழுத்தின் ஒரு பகுதி 1884இல் இத்தாலியின் அரெட்சோ நகரில் ஒரு பழைய கையெழுத்துப் படியில் கிடைத்தது.

குருத்தோலை ஞாயிறைப் பற்றி அவர் சொல்வது இது. மதியம் ஒரு மணியளவில் மக்கள் ஒலிவ மலைக்கு ஏறுகிறார்கள். மாலை ஐந்து மணியளவில் நற்செய்தி வாசிக்கப்படுகிறது. பிறகு ஆயரோடு எல்லாரும் கால்நடையாக நகருக்கு இறங்குகிறார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பவனியில் இருக்கிறார்கள். நடக்க முடியாத கைக்குழந்தைகளைப் பெற்றோர் தோளில் சுமந்து வருகிறார்கள். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஈச்ச ஓலையோ ஒலிவக் கிளையோ இருக்கிறது. மக்கள் களைத்துப் போகாதபடி பவனி மெல்ல மெல்ல நகர்கிறது. அதனால் கோவிலைச் சேர நேரமாகிவிடுகிறது.

இறைமக்களே, இந்த மெல்ல நடப்பதை மனதில் வையுங்கள். தாயும் பிள்ளையும் நடக்கும் வேகத்தில்தான் ஆயரும் அன்று நடந்தார்.

எருசலேமின் பவனி பிறகு மேலை நாடுகளுக்குப் பரவியது. 9ஆம் நூற்றாண்டில் ஓர்லியான்ஸ் ஆயர் தியோடுல்ப் இந்த நாளுக்கென்று இயற்றிய இலத்தீன் பாடலைப் பல ஊர்களில் சிறுவர்கள் வாசல் மேலே நின்று பாட, கீழே பவனியாக வந்தவர்கள் திருப்பிப் பாடினார்கள். பேரீச்சை வளராத குளிர் நாடுகளில் மக்கள் சோர்ந்துவிடவில்லை. போலந்தில் துளிர்த்த வில்லோக் கிளைகளையும் காய்ந்த பூக்களையும் கட்டி ஓலையாகப் பிடித்தார்கள். நம் நாட்டில் தென்னங்குருத்து கைக்கு வந்தது. எந்த ஊரில் எது துளிர்த்ததோ அதுவே அந்த ஊர்ப் பிள்ளைகளின் கையில் ஓசன்னா ஆயிற்று.

முட்டைக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பழைய காலத்தில் தவக்காலம் முழுவதும் இறைச்சியோடு முட்டையையும் விலக்கினார்கள். கோழி தவக்காலம் பார்ப்பதில்லையே! நாற்பது நாள் சேர்ந்த முட்டைகள் உயிர்ப்பு நாளில் விருந்தாயின. மூடிய ஓட்டுக்குள்ளிருந்து உயிர் வெளிவருவது கல்லறையை நினைவூட்டியது. கீழைத் திருச்சபையினர் ஆண்டவரின் இரத்தத்தை நினைத்துச் சிவப்புச் சாயம் ஏற்றினார்கள். 1290இல் இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் தம் அரண்மனையாருக்காக 450 முட்டைகளைப் பொன்தகடும் வண்ணமும் பூசச் செய்து, அதற்கு 18 பென்ஸ் செலவானதாகக் கணக்கு இருக்கிறது. நமக்குப் பொன்தகடு வேண்டாம். நாமக்கல் முட்டை பக்கத்திலேயே கிடைக்கிறது. வெங்காயச் சருகோடு வேகவைத்தால் செம்பழுப்பு நிறம், மஞ்சள் தூள் கலந்த தண்ணீரில் வேகவைத்தால் மஞ்சள் நிறம்.

நம் பவானிக்கு வருவோம். காவிரியும் பவானியும் கூடும் இந்த ஊரின் பெயரை வெளியூர்களுக்குக் கொண்டுபோனது ஜமக்காளம். 2005-06இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குழித்தறியில் உட்கார்ந்து நெய்த தாத்தா, அப்பாரு, அப்பா என்று கை பார்த்துக் கை கற்ற தொழில் அது. விசைத்தறித் துணிக்கு முன்னால் அந்தக் கைகள் இன்று குறைந்துவிட்டன. பார்த்துக் கற்கப் பக்கத்தில் பிள்ளை இல்லாதபோது, எத்தனை அழகான தொழிலும் ஒரு தலைமுறையில் நின்றுபோகும். விசுவாசமும் அப்படித்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தறி வீடுகளில் தார் சுற்றியே வளர்ந்து, பள்ளிக்கூடம் பார்க்காமல் போன பிள்ளைகளும் இந்த மண்ணில் இருந்தார்கள். வறுமை அவர்கள் கைகளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அந்த நாள் திரும்ப வேண்டாம். பிள்ளையின் கைக்கு உரியது படிப்பும் விளையாட்டும் வழிபாடும். ஓலையைப் பின்னும்போது அந்த மூன்றும் ஒன்றாக நடக்கின்றன.

ஆகவே இந்தப் புனித வாரத்தில் ஒவ்வொரு குடும்பமும் மூன்று சிறிய காரியங்களைச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, சனிக்கிழமை மாலை அரை மணி நேரம் செல்போனையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட்டு, எல்லாரும் பாயில் உட்காருங்கள். ஓலையில் சிலுவை பின்னத் தெரிந்த பெரியவர் பிள்ளைக்குக் கற்றுத்தரட்டும். கிளியும் ஊதலும் செய்தாலும் நல்லதே. கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். அதைத்தான் ஞாயிறு பவனிக்குக் கொண்டுவர வேண்டும். அந்தச் சிலுவையை வீட்டில் திருப்படத்தின் அருகே வையுங்கள். மந்திரித்த ஓலை காய்ந்து, எரிந்து, அடுத்த ஆண்டு திருநீற்றுப் புதனன்று சாம்பலாக நம் நெற்றிக்கு வரும் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஞாயிறு மாலை ஒரு கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி, ஊறவைத்த பச்சைப்பயறைப் பிள்ளையின் கையால் விதைக்கச் செய்யுங்கள். தென் இத்தாலியில் இருட்டில் முளைக்கவைத்த கோதுமைத் தளிரைப் பெரிய வியாழனன்று நற்கருணைப் பீடத்தின் முன் வைக்கிற வழக்கம் இன்றும் உண்டு. முளைப்பாரி தெரிந்த நம் மக்களுக்கு இது புதிதல்ல. மண்ணில் விழுந்து மடியும் விதையைப் பற்றி ஆண்டவர் சொன்னதைப் பெரிய வெள்ளியன்று அந்தக் கொட்டாங்குச்சியைக் காட்டிச் சொல்லுங்கள். உயிர்ப்பு ஞாயிறன்று பச்சைத் தளிரே மீதியைச் சொல்லும்.

மூன்றாவது, சாயம் ஏற்றிய முட்டைகளில் பாதியைப் பக்கத்து வீடுகளுக்குப் பிள்ளைகளிடமே கொடுத்தனுப்புங்கள். எந்தச் சமயத்தவர் வீடானாலும் சரி. "இது எதுக்குக் கண்ணு?" என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது உயிர்ப்பின் செய்தியை அந்தத் தெருவில் முதலில் அறிவிப்பது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கும்.

ஷிப்டு முடிந்து வரும் தாய்க்கு அரை மணி நேரமும் சுமைதான் என்று அறிவேன். பெற்றோர் இல்லாமல் தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளும் நம் பங்கில் உண்டு. அன்பியத்தார் அத்தகைய வீடுகளுக்கு ஓலையோடு போய் உடன் உட்காருங்கள். அதற்குக் காசு வேண்டியதில்லை.

ஞாயிறன்று பவனியில் பிள்ளைகளை முன்னால் விடுவோம். அவர்கள் சத்தம் போட்டால் போடட்டும். கால் வலிக்கிற பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொள்வோம். நேரமானாலும் பரவாயில்லை, மெல்லவே நடப்போம்.

பிள்ளைகளைத் தம்மிடம் வரவிட்ட ஆண்டவர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.