செய்தித்தாளைக் காலில் சுற்றிக்கொண்டு படம் பார்த்தவர்கள்

இந்த எபிசோடு எங்க வீட்டுச் சண்டையில ஆரம்பிக்குது.

போன கோடையில எங்க வீட்டுக்கு முதல் ஏசி வந்தது. மாட்ட வந்த அண்ணன் ஸ்டூல் போட்டு ஏறி, ஏழரை அடி உயரத்தில் பென்சில் கோடு போட்டார். பாட்டி விடல. "நான் கீழ படுத்திருக்கேன், இதை எதுக்குப்பா உத்தரத்துல மாட்டுற? கட்டில் பக்கத்துல மாட்டு"ன்னாங்க. எனக்கும் நியாயமாத்தான் பட்டது. அந்த அண்ணன் சிரிச்சுக்கிட்டே, "கீழ மாட்டினா கால் விறைச்சிடும் பாட்டி, தலை மட்டும் வேர்க்கும்"னார்.

அவர் ஒரே வரியில் சொன்ன இந்த விஷயத்தை அமெரிக்கத் தியேட்டர்காரங்க பட்டுத்தான் கத்துக்கிட்டாங்க.

1902, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி. சாக்கெட் வில்ஹெல்ம்ஸ் என்ற அச்சகத்தில் ஒரு சிக்கல். வண்ணப் படம் அச்சடிக்க, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒருமுறை தாள் இயந்திரத்துக்குள் போகணும். கோடைக்கால ஈரப்பதத்தில் தாள் விரிந்துவிடும். அடுத்த நிறம் இடம் தவறி விழும். இதைச் சரிசெய்ய வில்லிஸ் கேரியர் என்ற 25 வயது பொறியாளர், குளிர்ந்த குழாய்ச் சுருள்கள் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரித்தெடுக்கும் அமைப்பை வடிவமைத்தார். அதாவது, நவீன ஏசி பிறந்தது மனுஷனுக்காக இல்ல, காகிதத்துக்காக. காகிதத்துக்குக் கால் கிடையாது. குளிருதுன்னு அது புகார் பண்ணாது.

புகார் தியேட்டர்ல வந்தது. அந்தக் காலத்துல கோடை வந்தா அங்க பல தியேட்டர்கள் மூடிக் கிடக்கும். புழுக்கத்துல யார் வந்து உட்காருவா? குளிரூட்ட முடிவு செஞ்ச முதலாளிகள், குளிர்காலத்துல சூடான காற்று அனுப்புற அமைப்பையே கொஞ்சம் மாத்தி, தரைத் துவாரங்கள் வழியா குளிர்ந்த காற்றை விட்டாங்க. சூடான காற்றுக்கு அது சரியான இடம்தான். அது லேசானது, தானா மேல ஏறும். குளிர்ந்த காற்று கனமானது; தண்ணி மாதிரி தரையிலேயே தேங்கிடும். விளைவு? கீழ்த்தளத்தில் சிலர் செய்தித்தாளைக் காலில் சுற்றிக்கொண்டு படம் பார்த்தார்கள். மேலே பால்கனியில் அதே புழுக்கம்.

1922ல் லாஸ் ஏஞ்சல்ஸின் மெட்ரோபாலிட்டன் தியேட்டரில் கேரியரின் நிறுவனம் இதைத் தலைகீழாக மாற்றியது. குளிர்ந்த காற்று மேலிருந்து வந்தது. இறங்கும் வழியிலேயே சூடான காற்றோடு கலந்து, ஆள் மேல் படும்போது இதமாக இருந்தது.

1925 மே மாதக் கடைசியில் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டரும் குளிரூட்டப்பட்டது. சினிமா அதிபர் அடால்ஃப் ஸூக்கரே முதல் நாள் பார்க்க வந்திருந்தார். கூட்டம் நம்பிக்கையில்லாமல் கையில் விசிறியோடு வந்தது. கொஞ்ச நேரத்தில் விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. மூடிக் கிடந்த கோடைக்காலம் தியேட்டர்களுக்கு வசூல் காலமானது.

இன்னைக்கு நம்ம சுவர்ல இருக்கிற ஸ்ப்ளிட் ஏசியும் இதே பாடத்தைத்தான் பின்பற்றுது. கூரைப் பக்கம் சேர்ற சூடான காற்றை மேல்பக்கமா இழுத்து, குளிர வைத்து, முன்னாடி வீசுது. மிச்ச வேலையைக் காற்றோட கனமே பார்த்துக்கும்.

ஒரு சின்ன டிப்ஸ்: முன்னாடி இருக்கிற தகட்டை நேரா கட்டிலைப் பார்த்துத் திருப்பி வைக்காதீங்க. கொஞ்சம் மேல்நோக்கி, படுக்கையாக வையுங்க. குளிர் அறை முழுக்கப் பரவி மெதுவா இறங்கும்.

சண்டை என்னாச்சுன்னு கேக்கறீங்களா? ஏசி ஏழரை அடியிலதான் இருக்கு. பாட்டி இப்ப காலுக்கு சாக்ஸ் போட்டுக்கிட்டுத் தூங்கறாங்க. 18ல வெச்சா என்ன பண்றது? ரிமோட் அவங்க தலகாணிக்கு அடியில இருக்கு.