தசைநாணின் வேரில் மூளும் தீ

ஒரு நோயைத் தனி நோயென்று அறிவதற்கே மருத்துவ உலகம் சில வேளைகளில் நூறாண்டுகளுக்கு மேல் உழைக்க நேர்கின்றது. தோலிற் செதில் உதிரும் சோரியாசிஸ் நோயோடு கூடி வரும் மூட்டழற்சி அத்தகையதொன்று.

1818-ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர், இவ்விரு துன்பங்களும் ஒருவர் உடலிலேயே சேர்ந்து தோன்றுவதைக் குறித்தார். எனினும், நெடுங்காலம் இது முடக்குவாதத்தின் ஒரு சாயலென்றே பலரும் கருதினர். 1940-இல் நார்வே நாட்டு வாலர், முடக்குவாதம் உற்றோர் குருதியில் ஒரு தனிப் பொருளைக் கண்டறிந்தார். சோரியாசிஸ் மூட்டழற்சியுடையார் பெரும்பாலோரிடம் அது இல்லை. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்து வெர்னா ரைட் 1950-களில் இவ்வேற்றுமைகளை ஆராய்ந்து நிறுவினார். 1964-இல் அமெரிக்க வாதநோய்ச் சங்கமும் இதனைத் தனி நோயென ஏற்றது.

ஆனால், தீ எங்கே மூள்கின்றது? மூட்டின் உள்ளுறையில் அன்று. தசைநாண் எலும்பிற் பதியும் இடத்திலேயே என்று 1998-இல் அதே லீட்ஸைச் சேர்ந்த மக்கோனகிள் முதலியோர் கருத்துரைத்தனர். நடக்குந்தோறும் குதிகால் நாண் எலும்பை இழுக்கின்றது. அதனால் விளையும் நுண்காயம் பிறர்க்கு ஆறிவிடும். இந்நோயாளர்க்கோ காவல் அணுக்களே கலகம் விளைக்கின்றன. இன்டர்லூக்கின்-23 என்னும் தூதுப்பொருள் டி அணுக்களைத் தூண்ட, அவை இன்டர்லூக்கின்-17-ஐச் சுரக்கின்றன. வேறு வெள்ளணுக்களும் வந்து குவிகின்றன. அழற்சி தணியாது நீடிக்கின்றது. அத்தகைய டி அணுக்கள் அவ்விடத்திலேயே குடியிருப்பதை 2012-இல் எலிகளிடத்துக் கண்டனர். பின்னர் மனிதரிடத்தும் கண்டனர். இத்தூதுப்பொருள்களைத் தடுக்கும் மருந்துகள் இன்று வழக்கில் உள்ளன.

வாதநோய் ஆராய்ச்சியில் நம் புனே மாவட்டத்திற்கும் சிறப்பானதோர் இடமுண்டு. சென்னை செல்லும் இருப்புப்பாதையில் தௌண்ட் நிலையத்தைக் கடந்ததும் வரும் பிக்வண் என்னும் சிற்றூரை நம்மிற் பலர் சன்னல் வழியே கண்டிருப்போம். அங்கே 1996-இல், உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்புடைய திட்டமொன்றின்படி, டாக்டர் அர்விந்த் சோப்ரா தலைமையில் வீடுவீடாகச் சென்று 4,092 பெரியவர்களை வினவினர். அவருள் 746 பேர், அஃதாவது ஏறக்குறைய ஐவரில் ஒருவர், மூட்டு, தசை, எலும்பு வலியுற்றிருந்தனர். நகர மருத்துவமனைக்கு வாராத வலிகளும் இவ்வாறு கணக்கில் ஏறின.

நம் இல்லங்களிலும் சொல்லப்படாத வலிகள் உண்டல்லவா? சோரியாசிஸ் தொற்றுநோய் அன்று. அதை மறைத்தற்கு நாணவும் வேண்டா. தோல் மருத்துவரிடம் குதிகால் வலியையும், எலும்பு மருத்துவரிடம் தோற்செதிலையும் சொல்லாது விடுவதனால் நோய் காலந்தாழ்த்தே புலனாகின்றது. அதற்குள் விரல் மூட்டுகள் சிதையவும் கூடும். அறிஞர் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்து இணைத்த இரண்டு துன்பங்களையும் மருத்துவரிடம் ஒருங்கே எடுத்துரைப்பது நம் கடமையாகும்.