யூலியா: ஒரு பெயரின் வரலாறு

ஒருவருக்கு இடப்படும் பெயர் அவரை ஏனையோரினின்றும் பிரித்தறிதற்கு உரியது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் கருத்து. ஆயினும் எல்லாச் சமுதாயங்களிலும் பெயர் இப்பயன் நோக்கியே வழங்கியது எனக் கூறல் இயலாது. பண்டை உரோமரிடையே பெண்ணுக்கு வழங்கிய பெயர் அவள் யார் என்பதை உணர்த்தவில்லை. அவள் எக்குடியிற் பிறந்தாள் என்பதையே உணர்த்தியது. குடியொன்றின் முத்திரையாய் விளங்கிய அத்தகைய பெயரொன்று, அக்குடியின் அரசு அழிந்த பின்னரும் பல நூற்றாண்டுகள் நின்று நிலைத்து, இன்று உலகின் பல மொழிகளிற் பெண்களின் சொந்தப் பெயராக வழங்குகின்றது. யூலியா என்பதே அப்பெயர். அதன் வரலாற்றை நுணுகி நோக்குவார்க்கு, அதனைப் பிற்காலத்தாருக்குக் காத்தளித்தவர்களுள் அரண்மனை மகளிரைக் காட்டிலும் எளியோரும் அயல்நாட்டாருமே பலர் என்பது புலனாகும்.

உரோமக் குடிமகனுக்குப் பொதுவாக மூன்று பெயர்கள் வழங்கின. முதலாவது இயற்பெயர், இரண்டாவது குடிப்பெயர், மூன்றாவது குடியின் கிளையைச் சுட்டும் பெயர். காயஸ் யூலியஸ் சீசர் என்னுந் தொடரில் காயஸ் என்பது இயற்பெயர்; யூலியஸ் என்பது குடிப்பெயர்; சீசர் என்பது கிளைப்பெயர். மிகப் பழைய காலத்திற் பெண்களுக்கும் இயற்பெயர் இருந்ததாயினும், குடியரசின் பிற்காலத்தில் அவ்வழக்கு உயர்குடிகளிற் பெரிதும் அருகியது. குடிப்பெயரின் ஆண்பாலீற்றைப் பெண்பாலீறாக மாற்றினால் மகளின் பெயர் கிடைத்துவிடும். கொர்னேலியஸ் குடியிற் பிறந்தவள் கொர்னேலியா; யூலியஸ் குடியிற் பிறந்தவள் யூலியா. ஒரு வீட்டில் இருவர் பிறப்பின் மூத்தவள், இளையவள் என்னும் அடைமொழிகளே அவர்களைப் பிரித்துக் காட்டும். சீசரின் தந்தையோடு உடன்பிறந்தவள் யூலியா. சீசரின் சகோதரியர் இருவரும் யூலியா. அவனுடைய ஒரே மகளும் யூலியா. மணஞ்செய்த பின்னரும் பெண் தன் தந்தையின் குடிப்பெயரையே தாங்கினாள். ஆதலின், கணவன் வீட்டில் அவள் வாழ்ந்த காலமெல்லாம் அப்பெயர் அவளுடைய பிறந்த குடியின் செல்வாக்கை அவ்வீட்டிலே நினைவூட்டி நின்றது.

யூலியஸ் குடியினர் தம் தொன்மையை நெடுந்தூரம் பின்னோக்கிக் கொண்டு சென்றனர். துரோய் நகர் அழிந்தபோது தப்பி இத்தாலிக்கு வந்த ஈனியசின் மைந்தன் யூலஸ் என்பவனே தம் குடிமுதல்வன் என்றும், ஈனியஸ் வீனஸ் என்னுந் தெய்வத்தின் புதல்வனாதலால் தாம் தெய்வக்குலத்தினர் என்றும் அவர்கள் கூறினர். மொழிநூலார் சிலர் அப்பெயரை யூப்பித்தர் என்னுந் தெய்வத்தின் பெயரோடு தொடர்புபடுத்துவர். சொல்லின் தோற்றம் எதுவாயினும், குலக்கதை அரசியலுக்குப் பயன்பட்ட வகை தெளிவாக உள்ளது. கி. மு. 69 ஆம் ஆண்டில், மாரியஸ் என்னுந் தளபதியின் கைம்பெண்ணாகிய தன் அத்தை யூலியா இறந்தபோது, சீசர் பொதுமன்றிலே இரங்கலுரை ஆற்றினான். அவள் தாய்வழியில் அரசர் மரபினள், தந்தைவழியில் தெய்வ மரபினள் என்று அவன் அங்கே எடுத்துரைத்தான். இறந்தவளைப் புகழுமுகத்தால் உயிரோடிருந்த மருகனின் உரிமையே நிலைநாட்டப்பட்டது.

சீசரின் மகளுடைய வாழ்வும் இவ்வாறே அரசியலோடு பிணைக்கப்பட்டது. கி. மு. 59 ஆம் ஆண்டில் அவள் பொம்பேயசுக்கு மணஞ்செய்து கொடுக்கப்பட்டாள். உரோமின் பெருவலியுடையோர் இருவரைப் பிணைக்குங் கயிறாய் அவள் அமைந்தாள். கி. மு. 54 ஆம் ஆண்டில் மகப்பேற்றின்போது அவள் இறந்தாள். மக்கள் அவளுடலை எடுத்துச் சென்று மார்சின் வெளி எனப்படும் பொதுநிலத்தில் அடக்கஞ் செய்தனர். ஐந்தாண்டுகளுக்குள் மாமனும் மருகனும் போர்க்களத்தில் எதிரெதிர் நின்றனர்.

குடிப்பெயரின் பாரத்தை முழுமையாகச் சுமந்தவள் ஒகஸ்தசின் மகளாகிய யூலியாவே. கி. மு. 39 ஆம் ஆண்டிற் பிறந்த அவள், தந்தையின் அரசுரிமைத் திட்டத்திற்கேற்ப முதலில் மார்செல்லசுக்கும், அவன் இறந்தபின் அகிரிப்பாவுக்கும், அவனும் இறந்தபின் திபேரியசுக்கும் மனைவியாக்கப்பட்டாள். அவளுடைய புதல்வர் இருவரை ஒகஸ்தஸ் தன் மைந்தராக ஏற்றுக்கொண்டான். கி. மு. 18 ஆம் ஆண்டளவில் மணவொழுக்கம் பற்றியும் பிறன்மனை நயத்தல் பற்றியும் அவன் சட்டங்கள் இயற்றினான். உரோமரிடையே சட்டம் அதனைக் கொணர்ந்தவனின் குடிப்பெயராற் குறிக்கப்படும். சட்டம் என்னும் இலத்தீன் சொல் பெண்பாலாதலின் அச்சட்டங்களின் பெயரும் யூலியா என்றே முடிந்தது. கி. மு. 2 ஆம் ஆண்டில் ஒழுக்கக் குற்றஞ்சாட்டப்பட்டு மகள் பந்தத்தேரியா என்னுஞ் சிறு தீவுக்கு நாடுகடத்தப்பட்டபோது, அவள் பெயரையே தாங்கிய சட்டம் அவளுக்கெதிராய் நின்றது. அவளுடைய மகளாகிய மற்றொரு யூலியாவும் கி. பி. 8 ஆம் ஆண்டிற் கடல்சூழ் தீவொன்றுக்கு அனுப்பப்பட்டு, இருபது ஆண்டுகள் அங்கிருந்து இறந்தாள். இவ்விருவரையும் தன் கல்லறை மாளிகையில் அடக்கஞ் செய்யலாகாதென ஒகஸ்தஸ் கட்டளையிட்டான்.

கி. பி. 14 ஆம் ஆண்டில் ஒகஸ்தஸ் இறந்தான். அவனுடைய இறுதி ஆவணத்தின்படி அவன் மனைவி லிவியா யூலியஸ் குடியுள் மகளாக ஏற்கப்பட்டு யூலியா ஒகஸ்தா எனப் பெயர் பெற்றாள். அவ்வாண்டிலேயே நாடுகடத்தப்பட்ட மகளும் உயிர் நீத்தாள். குருதியால் யூலியாவாகப் பிறந்தவள் குடியின் கல்லறைக்கும் புறத்தாளாயினாள். வேறு குடியிற் பிறந்த முதியவள் ஓர் ஏட்டின் வலிமையால் யூலியாவாயினாள். பெயர் பெண்ணின் உடைமையன்று, குடித்தலைவனின் உடைமையே என்னும் உண்மையை இதனினுந் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி பிறிதொன்றில்லை.

கி. பி. 68 ஆம் ஆண்டில் நீரோ மாண்டதோடு சீசர் மரபின் ஆட்சி முடிவுற்றது. அரண்மனையை மட்டுமே சார்ந்திருந்திருப்பின் யூலியா என்னும் பெயரும் அதனோடு மங்கியிருக்கும். ஆனால் அதற்குள் அப்பெயர் வேறிரு வழிகளாற் பரவிவிட்டது. ஒன்று அடிமை விடுதலை. உரோமக் குடிமகன் முறைப்படி விடுவித்த அடிமை அவனுடைய குடிப்பெயரைப் பெறுதல் வழக்கம். எனவே யூலியஸ் குடியினர் விடுவித்த பெண்கள் அனைவரும் யூலியாக்களாயினர். மற்றையது குடியுரிமைக் கொடை. சீசரும் ஒகஸ்தசும் கோல், இசுப்பானியா, ஆசியா முதலிய பகுதிகளிலுள்ள தலைவர்களுக்கு உரோமக் குடியுரிமை வழங்கினர். அதனைப் பெற்றோர் யூலியஸ் என்னும் பெயரையும் ஏற்றனர். அவர்தம் புதல்வியர் வழிவழியாக யூலியா எனப்பட்டனர்.

இலண்டனிற் கண்டெடுக்கப்பட்டுப் பிரித்தானிய அரும்பொருட்சாலையிற் பேணப்படும் கல்லறைக்கல்லொன்று இதற்குத் தக்க சான்று. பூதிக்கா அரசியின் கிளர்ச்சிக்குப் பின் பிரித்தானியாவின் நிதியதிகாரியாக வந்த கிளாசிக்கியானசுக்கு அவன் மனைவி எடுப்பித்த கல் அது. அவள் பெயர் யூலியா பக்காத்தா. இந்துஸ் என்பவனின் மகள். கோல் நாட்டிலே திரேவேரி இனத்தார் கி. பி. 21 ஆம் ஆண்டிற் கிளர்ந்தெழுந்தபோது, அவ்வினத்தவனாயிருந்தும் உரோமின் பக்கம் நின்று கிளர்ச்சியை அடக்க உதவியவன் யூலியஸ் இந்துஸ். பக்காத்தா என்பதன் பொருள் அமைதிப்படுத்தப்பட்டவள் என்பது. வென்ற நாட்டின் குடிப்பெயரும், தோற்ற நாட்டின் நிலையைக் கூறும் அடைமொழியும் ஒரு மகளின் பெயரில் ஒருங்கே அமைந்தமை கருதத்தக்கது.

பொம்பேயி நகரிலே யூலியா பெலிக்ஸ் என்பவள் தன் மனையின் பகுதிகளை வாடகைக்கு விடுவதாகச் சுவரில் எழுதுவித்த அறிவித்தல், கி. பி. 79 ஆம் ஆண்டின் எரிமலைச் சாம்பலுள் அழியாது கிடந்து பதினெட்டாம் நூற்றாண்டு அகழ்விற் கிடைத்தது. குளிப்பிடம், கடைகள், மேல்மாடி அறைகள் என்பன ஐந்தாண்டுத் தவணைக்கு விடப்படும் என அது கூறுகின்றது. இவள் அரசனுக்கு மகளுமல்லள், படைத்தலைவனுக்கு மனைவியுமல்லள். தன் சொத்தைத் தன் பெயரால் ஆண்டவள். கொம்மகேனே நாட்டு அரச மரபில் வந்த யூலியா பல்பில்லா, கி. பி. 130 ஆம் ஆண்டிற் பேரரசன் ஏதிரியனின் பரிவாரத்தோடு எகிப்துக்குச் சென்று, மெம்னன் எனப்பட்ட பெருஞ்சிலையின் காலிலே தான் இயற்றிய கிரேக்கப் பாடல்களைப் பொறிப்பித்தாள். அவை இன்றும் அங்குள்ளன.

இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பெயர் மீண்டும் அரண்மனை புகுந்தது. ஆனால் இம்முறை அது சிரியாவிலிருந்து வந்தது. எமேசா நகரிற் கதிரவன் கோயிற் குருவாயிருந்தவனின் மகள் யூலியா தொம்னா. பேரரசன் செப்திமியஸ் செவேரசின் மனைவி. அவள் தமக்கை யூலியா மேசா; மேசாவின் புதல்வியர் யூலியா சொயேமியாசும் யூலியா மமேயாவும் பேரரசர் இருவரைப் பெற்றெடுத்தவர்கள். நால்வருக்கும் யூலியா என்பது பொதுவாதலின், வரலாற்றில் அவர்களைப் பிரித்தறிவிப்பன அவர்தம் இரண்டாம் பெயர்களே. தொம்னா, மேசா என்பன இலத்தீனல்லாத கீழைத்தேயப் பெயர்கள். கி. பி. 212 ஆம் ஆண்டிற் பேரரசிலுள்ள உரிமை பெற்ற மாந்தர் ஏறக்குறைய யாவருக்குங் குடியுரிமை வழங்கப்பட்டபின், குடிப்பெயர் சிறப்புரிமையின் அடையாளமாதல் குன்றியது. மும்மைப் பெயர்முறை சிதைந்து ஒற்றைப் பெயர் வழக்கு மேலோங்கியது. குடியினின்றும் விடுபட்ட யூலியா என்னும் சொல், இக்காலத்திலேதான் தனிப் பெண்ணுக்குரிய இயற்பெயராகத் தலைப்பட்டது.

கிறித்தவ சமயம் இம்மாற்றத்தை நிலைபெறச் செய்தது. பவுல் உரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில் வாழ்த்துப் பெறுவோருள் ஒருத்தி யூலியா. அவளைப் பற்றி வேறு செய்தி எதுவுமில்லை. அப்பட்டியலிலுள்ள பெயர்கள் பல அடிமைகளிடையும் விடுவிக்கப்பட்டோரிடையும் பெருக வழங்கியவை. கோர்சிக்காத் தீவின் காவற் புனிதையாகப் போற்றப்படும் யூலியாவும், மரபுக் கதையின்படி, கார்த்தேச்சு நகரம் வீழ்ந்தபோது அடிமையாக விற்கப்பட்டவள். தன் சமயத்தைக் கைவிட மறுத்துச் சிலுவையில் அறையப்பட்டவள். ஒகஸ்தசின் மகளின் பெயரால் எவரும் தம் குழந்தைக்குப் பெயரிட விழைந்திலர். இவ்வடிமைப் பெண்ணின் பெயரால் மேற்கு ஐரோப்பாவிற் கோயில்களும் மடங்களும் எழுந்தன.

மொழிகள் பிரிந்து வளர்ந்தபோது பெயரும் வடிவம் மாறியது. இலத்தீனில் இதன் முதலெழுத்து யகர ஒலியுடையது. யகரத்திற்கும் இகரத்திற்கும் ஓரெழுத்தே அங்கு வழங்கியது. அவ்வொலி இத்தாலியிலும் ஆங்கிலத்திலும் ஜகரமாய்த் திரிந்து ஜூலியா ஆயிற்று. பிரெஞ்சில் ஜூலி, இசுப்பானியத்தில் முதலொலி ஹகரத்தை ஒத்து ஹூலியா, உருசியத்தில் யூலியா. இத்தாலியக் குறுமை விகுதி பெற்ற ஜூலியெத்தா என்பதே ஆங்கிலத்தில் ஜூலியற் ஆகிச் சேக்ஸ்பியரின் நாடகத்தாற் புகழ்பெற்றது. யூலியசுக்குரியவள் எனப் பொருள்படும் யூலியானா என்பது கிளைப்பெயர். 1948 முதல் 1980 வரை நெதர்லாந்தை ஆண்ட அரசி அப்பெயரினள். ஆங்கிலத்தில் வழங்கும் ஜிலியன், ஜில் என்பனவும் யூலியானாவின் சிதைவுகளே.

தமிழிலும் இப்பெயருக்கு ஓரிடம் உண்டு. தமிழ் விவிலியம் மேற்கூறிய நிருபத்தில் வரும் பெண்ணை யூலியாள் என்கின்றது. இலத்தீனிலே பெண்பாலை உணர்த்திய ஆகார ஈறு தமிழ்ச் செவிக்குப் பாலுணர்த்தாமையின், மரியாள், மார்த்தாள் என்பனபோல ஆள் விகுதி அதன்மேல் ஏறியது. முதலெழுத்தாகிய யகரமோ இலத்தீன் ஒலியைத் திரியாது காத்தது. சீசரின் பெயரால் கி. மு. 44 ஆம் ஆண்டிற் பெயரிடப்பட்ட திங்களை ஈழத்துத் தமிழர் யூலை என எழுதும் வழக்கிலும் அவ்வொலியே நிற்கின்றது.

இலங்கையின் மண்ணோடு தொடர்புடைய யூலியா ஒருத்தியும் உளர். 1815 ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கிரற் கமறன், தம் நாற்பத்தெட்டாம் வயதில் மகள் பரிசளித்த புகைப்படக் கருவியைக் கொண்டு, டெனிசன், டார்வின், ஹேர்ச்செல் முதலிய அறிஞரின் உருவங்களைப் படம்பிடித்துப் புகைப்படக் கலை வரலாற்றில் நிலைத்த இடம் பெற்றார். அவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமறன், 1833 ஆம் ஆண்டின் கோல்புரூக்–கமறன் சீர்திருத்தத்திற்குப் பெயர் தந்தோருள் ஒருவர். 1875 ஆம் ஆண்டில் இருவரும் இலங்கைக்கு வந்தனர். அம்மையார் 1879 ஆம் ஆண்டில் இறந்து மலைநாட்டின் பொகவந்தலாவையில் அடக்கஞ் செய்யப்பட்டார். கருவியைப் பரிசளித்த மகளின் பெயரும் ஜூலியா. அவர் பலமுறை படம்பிடித்த உடன்பிறந்தாள் மகளின் பெயரும் ஜூலியா. ஒரு குடும்பத்தில் மூவர் ஒருபெயரினராதல் பண்டை உரோமக் குடியை நினைவூட்டும். எனினும் உரோமில் அது பிறப்பினாலேயே தானாக அமைந்தது. இங்கே அன்பினாலும் விருப்பினாலும் தேர்ந்து இடப்பட்டது. இவ்வேறுபாடே ஈராயிரம் ஆண்டுகளில் இப்பெயர் கடந்த தூரம்.

அண்மைக் காலத்தில் அமெரிக்கக் கணிதவியலாளர் ஜூலியா ரொபின்சன் (1919–1985), ஹில்பேட்டின் பத்தாவது வினாவுக்கு விடை காணும் ஆய்வில் அடிப்படையான பங்காற்றி, அமெரிக்கக் கணிதக் கழகத்தின் முதற் பெண் தலைவராக விளங்கினார். அவர் பெயரைக் கேட்போர் அவருடைய ஆராய்ச்சியை நினைப்பரேயன்றி, ஈனியசையோ வீனசையோ நினையார்.

குடியின் பெருமையைச் சுமத்தற்கென்று படைக்கப்பட்ட பெயர் அப்பெருமையை இழந்த பின்னரே பெண்களுக்குச் சொந்தமாயிற்று. வாடகை அறிவித்தல் எழுதுவித்த பொம்பேயி மாதும், கணவனுக்குக் கல்லெடுத்த கோல் நாட்டு மகளும், நிருபத்தில் ஒரு சொல்லளவே இடம்பெற்ற உரோம நங்கையும் அதனைத் தம்முடையதாக்கிக் கொண்டோர். ஒகஸ்தஸ் தன் மகளுக்குக் கல்லறையில் இடமளிக்க மறுத்தான். அவளது பெயரோ அவன் குடியெல்லையைக் கடந்து, அவன் அறியாத நாடுகளிலும் வழங்குகின்றது.