ஐந்து விழுக்காட்டுக் கோடு: பாலிமர் நானோ துகள்களும் சிவப்பணுச் சோதனையும்

பாலிமர் நானோ துகள்களை மருந்துக் கடத்திகளாக முன்வைக்கும் ஆய்வுகளில் ஒரு முடிவு திரும்பத் திரும்ப வருகிறது: சிவப்பணுச் சிதைவு 5 விழுக்காட்டைத் தாண்டவில்லை, துகள் மனித இரத்தத்துக்குப் பாதுகாப்பானது. இதில் முதல் பாதி அளவீடு. இரண்டாம் பாதியை அந்த அளவீடு தாங்காது.

அந்தக் கோடு வந்த இடத்தைப் பார்க்க வேண்டும். மருத்துவக் கருவிகளுக்கான பொருள்களை முயல் இரத்தத்தில் சோதிக்க வகுக்கப்பட்டது, தர நிர்ணய அமைப்பான ஏஎஸ்டிஎம்மின் எஃப்756 நெறிமுறை. அதன்படி 2 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால்தான் சிதைவற்றது. 2 முதல் 5 வரை சிறிதளவு சிதைப்பது. அதற்கு மேல் சிதைப்பது. நானோ துகள்களுக்கென அதே அமைப்பின் இ2524 நெறிமுறை 2008இல் வந்த பிறகும், முடிவுகளைத் தரம் பிரிக்கப் பழைய கோடுகளே கையாளப்பட்டன. நடுப்படியில் நின்ற துகள்கள் மெல்ல முதல் படிக்கு ஏற்றப்பட்டன. அவ்வாறு ஏற்ற மூல நெறிமுறையில் இடமில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்தவர் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம்; லிட்டருக்கு 150 கிராம் ஹீமோகுளோபின்; மொத்தம் 750 கிராம். அதில் 5 விழுக்காடு 37.5 கிராம். சிதறும் ஹீமோகுளோபினைப் பிடித்து அகற்றும் ஹேப்டோகுளோபின், ஒரு லிட்டர் பிளாஸ்மாவில் ஏறத்தாழ 1 கிராமைத்தான் கட்ட முடியும். பிளாஸ்மா மொத்தமே 3 லிட்டர். மீந்த ஹீமோகுளோபின் நைட்ரிக் ஆக்சைடை உறிஞ்சி இரத்தக் குழாய்களைச் சுருக்கும், சிறுநீரகத்தைத் தாக்கும். இரத்த வங்கியில் 42 நாள் சேமித்த சிவப்பணுக்களிலேயே அமெரிக்கா 1 விழுக்காடு, ஐரோப்பா 0.8 விழுக்காடு சிதைவுக்கு மேல் ஏற்பதில்லை.

சோதனைக் குழாயின் விழுக்காட்டை உடலுக்கு அப்படியே பெயர்க்கலாகாது என்பது சரியே. குழாயில் இரத்தம் நீர்க்கப்பட்டது. துகளின் செறிவு பெரும்பாலும் கூடுதல். ஆயினும் இந்த எச்சரிக்கை இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். பெயர்க்க இயலாத எண்ணிலிருந்து பாதுகாப்பையும் பெற முடியாது.

அந்த எண்ணே நம்பத்தக்கதா என்பது அடுத்த கேள்வி. சிதைவு, மையவிலக்குக்குப் பின் மேலே நிற்கும் திரவத்தின் நிறத்தை 540 நானோமீட்டரில் அளந்து கணிக்கப்படுகிறது. பாலிஸ்டைரீன் போன்ற பரப்புகளில் புரதங்கள் எளிதில் ஒட்டும். வெளியேறிய ஹீமோகுளோபின் துகளோடு அடியில் படிந்தால் மேல் திரவம் தெளிந்து தெரியும், சேதம் மறையும். அடியில் படியாத மிகச் சிறு துகள்களோ ஒளியைச் சிதறடித்து இல்லாத சேதத்தைக் காட்டும். அளவு தெரிந்த ஹீமோகுளோபினைத் துகளுடன் மட்டும் கலந்து, எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்று பார்த்தாலே இது அம்பலமாகும். அரை நாள் வேலை. இதைச் செய்யாத முடிவுகளை எடைபோட வழியில்லை.

பிளாஸ்மா நீக்கிக் கழுவிய சிவப்பணுக்களில் சோதிப்பது கடுமையான தேர்வு, அதில் தேறிய துகள் முழு இரத்தத்திலும் தேறும் என்று ஒரு சாரார் வாதிடுவர். இது பாதி உண்மை. அமீன் கொண்ட பாலிஸ்டைரீன் துகளைப் புரதப் போர்வை மூடும்போது சிதைவு குறையலாம். ஆனால் டென்சர் என்பாரின் ஆய்வுக் குழுவினர் 2013இல் காட்டியபடி, பிளாஸ்மாவில் அரை நிமிடத்துக்குள் உருவாகும் அப்போர்வை தட்டணுக்கள் தூண்டப்படுவதையும் மாற்றுகிறது. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லை. துகளை விழுங்குவதும் இல்லை. விழுங்குபவை மோனோசைட்டுகளும் நியூட்ரோஃபில்களும். அவற்றின் சைட்டோகைன் சுரப்பையும், தட்டணுத் திரட்சியையும், நிரப்புப் புரதத் தூண்டலையும் முழு இரத்தத்தில் அளக்காத ஆய்வு, கழுவிய சிவப்பணு உடையவில்லை என்று மட்டுமே எழுதலாம்.