விமானத்தின் வாலும் விமானியின் கையும்



"விமானம்தான் தானாகவே பறக்கிறதே, பிறகு பைலட்டுக்கு எதற்கு இத்தனை பயிற்சி?" என்று முன்னாள் மாணவி ஒருத்தி கேட்டிருந்தாள். நல்ல கேள்வி. இரண்டு சம்பவங்களைச் சொன்னால் பதில் விளங்கும்.

முதலில் ஒரு சின்னப் பாடம். தராசில் ஒரு தட்டு தாழ்ந்திருந்தால் கடைக்காரர் மறு தட்டில் சிறு கல்லைக் கட்டிச் சமன் செய்வார். விமானத்திலும் அப்படித்தான். எரிபொருள் குறையும், வேகம் மாறும், மூக்குப் பக்கம் ஏறும், இறங்கும். அதைச் சமன் செய்ய வாலில் உள்ள கிடைமட்ட இறக்கையின் சாய்வை மாற்றுவார்கள். இதற்கு ட்ரிம் என்று பெயர். இல்லாவிட்டால் விமானி பயணம் முழுக்கக் கைப்பிடியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலையை இன்று பெரும்பாலும் இயந்திரமே செய்கிறது.

1994 ஏப்ரல் 26. தைபேயிலிருந்து ஜப்பானின் நகோயாவுக்குச் சென்ற சைனா ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ300 விமானம் இரவில் தரையிறங்கிக்கொண்டிருந்தது. துணை விமானியின் கை தவறுதலாக, "இறங்காதே, மேலே ஏறு" என்று கட்டளையிடும் நெம்புகோலில் பட்டுவிட்டது. அவர் இறங்குவதற்காகக் கைப்பிடியை முன்னே தள்ளினார். ஆட்டோ பைலட்டோ ஏறுவதற்காக வால் இறக்கையைத் திருப்பிக்கொண்டே போனது. கையால் தள்ளினால் ஆட்டோ பைலட் விலகிக்கொள்ளும் ஏற்பாடு, அந்த நிலையில், அந்த விமானத்தில் இல்லை. கயிறிழுக்கும் போட்டி போல மனிதன் ஒரு பக்கம், இயந்திரம் மறு பக்கம். கடைசியில் மூக்கு அளவுக்கு மீறி எழும்பி, வேகம் இழந்து விமானம் விழுந்தது. 271 பேரில் பிழைத்தவர்கள் 7 பேர்.

இதைத் திருத்தும் மாற்றத்தை 1993-லேயே ஏர்பஸ் பரிந்துரைத்திருந்தது. அந்த விமானத்தில் அது இன்னும் செய்யப்படவில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கூட ஆகவில்லை, அதே கயிறிழுப்பு மீண்டும் வந்தது. போயிங் நிறுவனம் 737 மேக்ஸ் விமானத்தில் பெரிய எஞ்சின்களைச் சற்று முன்னே தள்ளிப் பொருத்தியது. அதனால் சில நேரங்களில் மூக்கு அளவுக்கு மேல் எழும் போக்கு வந்தது. அதைத் தடுக்க, வால் இறக்கையைத் தானே திருப்பி மூக்கைக் கீழே தள்ளும் எம்காஸ் என்ற மென்பொருளைச் சேர்த்தார்கள். அது ஒரே ஒரு உணரியை நம்பி இயங்கியது. விமானிகளின் கையேட்டில் அதைப் பற்றி ஒரு விளக்கமும் இல்லை. பழைய 737 ஓட்டியவர்களுக்குக் கணினியில் ஒரு சிறு பாடம் போதும் என்றார்கள். சிமுலேட்டர் பயிற்சி தேவைப்பட்டால் விமானம் ஒன்றுக்கு 10 லட்சம் டாலர் குறைத்துக்கொள்வதாக சவுத்வெஸ்ட் நிறுவனத்துக்கு போயிங் ஒப்பந்தமே போட்டிருந்தது.

2018 அக்டோபர் 29, ஜகார்த்தாவிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானத்தில் அந்த உணரி தவறான கணக்கைக் கொடுத்தது. கேப்டன் இருபது தடவைக்கு மேல் மூக்கைத் தூக்கினார். மென்பொருள் மறுபடி மறுபடி அழுத்தியது. 189 பேர் கடலில் மாண்டார்கள். முந்தின இரவு இதே விமானத்தில் இதே கோளாறு வந்தபோது, ட்ரிம் மோட்டாரின் மின்சாரத்தைத் துண்டித்து அந்த விமானிகள் பத்திரமாக இறக்கியிருந்தார்கள்.

2019 மார்ச் 10, எத்தியோப்பியா. அந்த விமானிகளும் மின்சாரத்தைத் துண்டித்தார்கள். ஆனால் வேகம் மிக அதிகமாக இருந்ததால் ட்ரிம் சக்கரத்தைக் கையால் திருப்ப முடியவில்லை. மறுபடி இணைத்தார்கள், மென்பொருளும் மறுபடி அழுத்தியது. 157 பேர் போனார்கள்.

அதன் பிறகே உலகமெங்கும் மேக்ஸ் விமானங்கள் நிறுத்தப்பட்டன. 2020 நவம்பரில் அமெரிக்கா மீண்டும் அனுமதித்தபோது, இரண்டு உணரிகளையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் மென்பொருள் இயங்கும், ஒரு தடவைக்கு மேல் அழுத்தாது, சிமுலேட்டர் பயிற்சி கட்டாயம் என்று ஆனது. இது மூன்றும் முதலிலேயே செய்திருக்கக் கூடியவைதானே?

தானியங்கி கெட்டது என்று நான் சொல்லவில்லை. அதனால் பிழைத்த உயிர்கள் ஏராளம். ஆனால் இயந்திரம் எப்போது என்ன செய்யும், அதை எப்படி நிறுத்துவது என்று சொல்லாமல் ஒருவரிடம் ஒப்படைப்பது, பாடமே நடத்தாமல் பரீட்சை வைப்பதற்குச் சமம். அந்தப் பரீட்சையில் தோற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

உங்களில் மருத்துவமனையில், தொழிற்சாலையில், கணினித் துறையில் இருப்பவர்கள் பலர். உங்கள் கைக்குப் புதிய கருவி வந்தால், "இதை நிறுத்துவது எப்படி?" என்று முதலில் கேளுங்கள். பிறர் கையில் கொடுப்பவராக இருந்தால், அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிக் கொடுங்கள்.

நலமுடன் இருங்கள்.
என்றும் அன்புடன், உங்கள் ஆசிரியர்.