நம்ம ஊரே ஒரு காம்ப்ரிஹென்ஷன் பேசேஜ்



"சார், பிள்ளை இங்கிலீஷைக் கடகடவென்று வாசிக்கிறான். ஆனால் என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிக்கிறான்" என்று உங்களில் பலர் போனில் சொல்கிறீர்கள். தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

காம்ப்ரிஹென்ஷன் பகுதி உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஒரு பத்தி, அதன் கீழே சில கேள்விகள். கேள்வியில் உள்ள சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடி, அந்த வரியை அப்படியே எடுத்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். புரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. இது இன்று நேற்று வந்த சிக்கல் இல்லை. நம் நாட்டில் சுமார் நூறு வருடமாகப் பலர் தலையை உடைத்துக்கொண்ட விஷயம்.

டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர் மைக்கேல் வெஸ்ட். வங்காளத்துப் பிள்ளைகளின் இருமொழிப் படிப்பைப் பற்றி 1926-இல் அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அவர் கேட்ட கேள்வி எளிமையானது. பாதிப் பிள்ளைகள் படிப்பை நடுவில் விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டுப் போகிறவன் கையில் என்ன மிஞ்சும்? இதற்கு அவர் பயன்படுத்திய சொல் 'சரண்டர் வேல்யூ'. எல்ஐசி பாலிசி எடுத்தவர்களுக்கு உடனே விளங்கும். பேச்சுப் பயிற்சியைப் பாதியில் விட்டால் ஒன்றும் மிஞ்சாது. எளிய நூலைப் புரிந்து வாசிக்கத் தெரிந்துவிட்டால் அது கடைசி வரை துணைக்கு வரும் என்றார். பக்கத்துக்குப் பக்கம் புதுச் சொற்கள் வந்து விழுந்தால் பிள்ளை மிரண்டுபோகும் என்று கண்டு, சொற்களைக் குறைத்து வாசிப்பு நூல்களையும் தயாரித்தார். 1953-இல் அவர் பெயரில் வந்த சொற்பட்டியலில் இருப்பது ஏறக்குறைய 2,000 சொற்கள்தான்.

அடுத்து நம் பக்கத்துக்கு வருவோம். 1979 முதல் 1984 வரை பெங்களூர், மெட்ராஸ் உள்ளிட்ட ஊர்களின் பள்ளி வகுப்புகளில் என். எஸ். பிரபு என்பவர் ஒரு சோதனை நடத்தினார். இலக்கணத்தை வரிசையாக நடத்தாமல் ரயில் கால அட்டவணை, வரைபடம் போன்றவற்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, "இந்த ரயிலைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம்?" என்பது போன்ற கணக்குகளை ஆங்கிலத்திலேயே போட வைத்தார். விடையைக் கண்டுபிடிக்கும் ஆர்வத்தில் கவனம் முழுவதும் பொருளில் இருக்கும்போது மொழி தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. 'பெங்களூர் புராஜெக்ட்' என்று உலகம் முழுவதும் ஆசிரியர் பயிற்சியில் இன்றும் பேசுகிறார்கள்.

ஆக, தெரிந்துகொள்ளும் ஆசை இருக்கிற விஷயத்தைக் கொடுத்தால்தான் பிள்ளை புரிந்து வாசிக்கும். லண்டன் மூடுபனியைப் பற்றிக் கொடுத்துவிட்டு, புரியவில்லையே என்று பிள்ளையைக் குறை சொல்லக் கூடாது.

காளையார்கோவில் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. நம் ஊரைப் பற்றியே ஓர் ஆங்கிலப் புத்தகம் பேசுகிறது. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனிப் படை அதிகாரி 1830-இல் லண்டனில் வெளியிட்ட இராணுவ நினைவுக் குறிப்புகள் அது. 1801 போரில் மருது சகோதரர்களுக்கு எதிராக வந்த படையில் இருந்தவர் அவர். பழைய நூல் என்பதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

வகுப்பில் இதிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கொடுப்பேன். முதல் வேலை பெயர்களைக் கண்டுபிடிப்பது. 'சீனா மர்டூ' யார்? 'வெல்லா மர்டூ' யார்? சின்ன மருதுவும் வெள்ளை மருதுவும்தான் என்று தெரிந்ததும் கடைசி பெஞ்சு வரைக்கும் நிமிர்ந்து உட்காரும். அதற்குப் பிறகு அகராதியை எடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வெல்ஷ் எழுதுவதைப் பாருங்கள். பெரிய மருது வேட்டைப் பிரியர். ஆற்காட்டு ரூபாயை விரலாலேயே வளைத்துவிடுவார் என்று சொல்வார்களாம். சின்ன மருதுவின் சிறுவயல் அரண்மனையில் காவலே கிடையாது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். 1795-இல் வெல்ஷ் மதுரையில் இருந்தபோது அவருக்கு நல்ல அரிசியும் பழமும் அனுப்பியவர் சின்ன மருது. ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக் கொடுத்தவரும் அவரே. கைதேர்ந்தவர் வீசினால் 100 கஜ தூரத்துக்குள் வளரியின் குறி தப்பாது என்கிறார் வெல்ஷ்.

இங்கே அறிவியலும் வந்துவிடும். வளரி பூமராங் மாதிரித் திரும்பி வருமா என்று ஒருவன் கண்டிப்பாகக் கேட்பான். திரும்பும் பூமராங் சுழன்றுகொண்டே செல்லும்போது, போகும் திசையிலேயே சுழலும் பக்கம் காற்றை வேகமாக வெட்டுகிறது. எதிர்ப்பக்கம் மெதுவாக வெட்டுகிறது. இருபக்கமும் காற்று தரும் விசை சமமாக இல்லாததால் பாதை வளைகிறது. ஆஸ்திரேலியாவிலும் வேட்டைக்கு வீசும் கட்டைகளில் பெரும்பாலானவை திரும்பி வருவதில்லை; இலக்கில் போய் அடிப்பதுதான் அவற்றின் வேலை. இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பத்தி கொடுத்துப் பாருங்கள். வளரிக்காகவே படிப்பார்கள்.

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். தனக்கு வளரி கற்றுக் கொடுத்த அதே மனிதரைப் பின்னாளில் காட்டு விலங்கைத் துரத்துவது போலத் துரத்த நேர்ந்ததையும், தொடை எலும்பு முறிந்து அவர் சிறைப்பட்டுக் கிடந்ததையும், தூக்கிலிடப்பட்டதையும் வெல்ஷ் எழுதுகிறார். திருப்பத்தூரில் அது நடந்தது 1801 அக்டோபர் 24. நாடு கடத்தப்பட்ட சின்ன மருதுவின் மகன் துரைசாமியை 1818-இல் பினாங்கில் நேரில் பார்த்ததையும் எழுதியிருக்கிறார். நான் கேட்பேன்: "இதை எழுதியவருக்கு மருதுவைப் பிடிக்குமா, பிடிக்காதா? அப்படியானால் ஏன் கலகக்காரர் என்கிறார்?"

இதற்கு விடை எந்த வரியிலும் இல்லை. எடுத்து எழுத முடியாது. முழுப் பக்கத்தையும் மனதில் வைத்து யோசித்தால்தான் வரும். ஒருவன் "பிடிக்கும், ஆனால் கம்பெனி சம்பளம் வாங்குகிறாரே சார்" என்றான். அதுதான் காம்ப்ரிஹென்ஷன்.

நம்மை வென்றவர்கள் நம்மைப் பற்றி அவர்கள் மொழியில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் எது உண்மை, எது அவர்கள் கண்ணோட்டம் என்று பிரித்துப் பார்க்க நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யாரோ சொல்வதைக் கேட்டுத் தலையாட்ட வேண்டியதுதான். இன்று போனில் வந்து விழும் செய்திகளுக்கும் இது பொருந்தும்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று பாருங்கள்: கிரிக்கெட், ராக்கெட், பாம்பு, செட்டிநாட்டு வீட்டுக் கட்டடம், எதுவானாலும் சரி. அதைப் பற்றி அரைப் பக்க ஆங்கிலம். முதல் தடவை அகராதி இல்லாமல் வாசிக்கட்டும். வாசித்ததைத் தமிழில் உங்களிடம் சொல்லட்டும். தமிழில் சொல்லத் தெரிந்தால் புரிந்துவிட்டது என்று பொருள். பிறகு "ஏன்" என்று தொடங்கும் ஒரு கேள்வி கேளுங்கள். தினமும் 15 நிமிடம் போதும்.

அக்டோபர் 27 குருபூஜைக்கு ஊருக்கு வருகிறவர்கள், மருதுபாண்டியர் நினைவிடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் முன் வெல்ஷின் அந்த ஒரு பக்கத்தை வாசிக்க வைத்துக் கூட்டிப் போங்கள். இது வீட்டுப்பாடம். செய்தவர்கள் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், காபி தயாராக இருக்கும்.